நாள் முழுக்க பிரிட்டிஷ் டிவி பாத்து ரிட்டயர் ஆன கதை

நீங்கள் எப்பவாவது காலமை கண் முழிச்சதிலை இருந்து இரவு கண் சொருகும் வரைக்கும் ஒரே ஒரு பிரிட்டிஷ் டிவி சனலை, நடுவிலை மாத்தாமல், சம்பளத்துக்குப் பாத்திருக்கிறியளா?

நான் பாத்தனான். நாலு வருஷம். இப்ப ரிட்டயர் ஆகிட்டன். வயசு இருபத்தேழு.

சிரிக்கிற ஆக்கள் சிரிச்சு முடியுங்கோ, நான் வெயிட் பண்ணுறன். ஒஸ்லோ தமிழ் மாணவர் குழுவிலை இருந்து ஒரு தம்பி மெசேஜ் போட்டவர்: "அக்கா, மீடியாவிலை அனுபவம் உள்ள ஒருத்தர் கட்டுரை எழுதினா நல்லம். எங்களுக்கு உங்களை விட்டா ஆரும் இல்லை." அதிலை ரெண்டாவது வசனம்தான் உண்மை. எங்கட சனத்திலை டொக்டர் தடக்கி விழுற அளவுக்கு இருக்கு. மீடியா எண்டு தேடினா நானும், கலியாண வீட்டு வீடியோ எடுக்கிற அங்கிள் ஒருத்தரும்தான். அங்கிள் சம்மர் முழுக்க புக்கிங். அதாலை நான். என்ர வேலையை இப்ப ஒரு சொஃப்ட்வேர் செய்யுது. அனுபவக் கட்டுரையும் அது எழுதும், அனுபவம் மட்டும்தான் அதுக்கு இல்லை.

படிப்பைப் பற்றிக் கேக்காதேங்கோ. மூண்டு வருஷம் மீடியா படிச்சனான். அதின்ர சாரம்: படம் பொய் சொல்லும். பிறகு ஒரு சின்னக் கொம்பனியிலை விக்கார் வேலை கிடைச்சுது, ஆரும் லீவிலை போனா அவையின்ர கதிரையிலை போய் இருக்கிறது. போன ஆள் திரும்பி வரேல்லை. நான் அப்பிடியே இருந்திட்டன். இதுதான் என்ர கரியர் பிளான், நோட் பண்ணிக்கொள்ளுங்கோ தம்பி.

வேலை இதுதான். ஒரு பிரிட்டிஷ் சனல் நோர்வேக்கு வருது. வாறதுக்கு முதல் அதின்ர ஒவ்வொரு புரோகிராமையும் ஒஸ்லோவிலை ஒரு ஆள் இருந்து பாக்கவேணும். எத்தினை வயசுப் பிள்ளை பாக்கலாம் எண்டு ஒரு நம்பர் போடவேணும். இஞ்சத்தைச் சட்டத்துக்கு ஒத்துவராத குடி விளம்பரம், சூது விளம்பரம் எல்லாத்தையும் பிடிச்சுக் குடுக்கவேணும். அவ்வளவுதான். அம்மா கோயிலிலை "மகள் மீடியாவிலை" எண்டு சொல்லேக்கை, ஒரு செய்தி வாசிப்பாளரின்ர தாய் மாதிரித்தான் நிப்பா. நான் இருட்டு அறையிலை, காதிலை ஹெட்ஃபோனோட, ரெண்டு வெள்ளைக்காரர் ஒரு பழைய தேத்தண்ணிக் கேத்திலைத் திருப்பித் திருப்பிப் பாக்கிறதைப் பாத்துக்கொண்டிருப்பன்.

அந்தச் சனலின்ர ஒரு நாள் இப்பிடித்தான் போகும். காலமை பழைய சாமான் ஏலம். அது முடிய, லண்டன் வாழ்க்கை அலுத்துப்போன ஒரு புருஷன் பெண்சாதி நாட்டுப்புறத்திலை வீடு தேடுவினம், மூண்டு வீடு பாப்பினம், ஒண்டும் வாங்காயினம். பிறகு நகரசபை இன்ஸ்பெக்டர்மார் கடை, வீடு எண்டு புகுந்து எலி தேடுற புரோகிராம். மத்தியானம் வினாடி வினா. அதிலை வாற ஆக்கள் தோத்தாலும் "நல்ல நாள்" எண்டு சொல்லிப்போட்டுப் போவினம், எங்கட ஆக்களெண்டா ஜட்ஜோட சண்டை பிடிச்சிருப்பினம். பின்னேரம் கேக். அதுக்குப் பிறகு அம்புலன்ஸ். இரவு ஒரு சின்ன ஊரிலை கொலை. கிழமைக்கு ஒரு ஆள் செத்தும் அந்த ஊரிலை சனம் குறையிறேல்லை. படுக்கப் போற நேரம் ஆரோ மேடையிலை நிண்டு தன்ர தாயைப் பற்றிக் கூடாத பகிடி சொல்லுவார், சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

என்ர பொறுப்பாள் துரீட். அறுபத்தைஞ்சு தாண்டினவ. நோர்வேயிலை எல்லாரும் எல்லாருக்கும் "நீ" தானே, அதாலை நான் அவவை முதல் நாளே பேர் சொல்லிக் கூப்பிட்டனான். அம்மா அண்டு முழுக்க என்னோட கதைக்கேல்லை. துரீட் ஒருநாளும் "பிழை" எண்டு சொல்லமாட்டா. பிழை விட்டா "ம்ம். இண்டரெஸ்ஸாண்ட்" எண்டுவா, அந்த "ம்ம்" நீண்டா உங்கட கதை முடிஞ்சுது. மத்தியானச் சாப்பாடு வீட்டிலை இருந்து கொண்டுவாற பாண் துண்டு, மேலை மண்ணிறச் சீஸ். சுத்தின பேப்பரை மடிச்சு திரும்ப பையுக்கை வைப்பா.

அவவிட்டை ஒரு முறை இருந்தது. எந்தப் புரோகிராமையும் முதல் சத்தம் இல்லாமல் பாக்கவேணும். பிறகு படம் இல்லாமல் சத்தம் மட்டும். மூண்டாந்தரம்தான் ரெண்டும் சேத்து. "ரெண்டும் சேந்தா நீ கதையோட போயிடுவாய்" எண்டுவா. நான் முதல் நாள் என்ர டிகிரியைக் காட்டவேணும் எண்டதுக்காக, "இந்தக் காட்சி பெண்களை ஒரு பொருளாக் காட்டுது, எனக்கு என்ன தோணுதெண்டா..." எண்டு தொடங்கினன்.

"உனக்கு என்ன தோணுது எண்டு நான் கேக்கேல்லை," எண்டா துரீட். "என்ன தெரியுது எண்டு சொல்லு."

"ஒரு பொம்பிளை... சோபாவிலை இருக்கிறா."

"நல்லது. அதை மட்டும் எழுது."

அவவும் சனலின்ர லண்டன்காரரும் ஒரு விஷயத்திலை ஒத்துவராயினம். லண்டன்காரர் ஒரு கிழவன்ர பின்பக்கத்தை மங்கலாக்கி அனுப்புவாங்கள், அடுத்த காட்சியிலை பிரேதத்தை லைட் போட்டுக் காட்டுவாங்கள். துரீட்டுக்குத் தலைகீழ். "பின்பக்கம் எல்லாருக்கும் இருக்கு, பிள்ளையளுக்குத் தெரியும். பிரேதம் எல்லார் வீட்டிலையும் இல்லை."

சரி, இனிக் கேஸுக்கு வாறன்.

அந்த நகரசபை இன்ஸ்பெக்டர் புரோகிராமின்ர ஒரு எபிசோட். முறைப்படி சத்தம் இல்லாமல் போட்டன். லண்டனிலை ஒரு வீடு. இன்ஸ்பெக்டர் ரெண்டு பேர் பின்வளவுக்குப் போகினம். கார் விடுற கராஜைத் திறந்தா, உள்ளுக்கு நிலம் முழுக்க மெத்தை. ஏழெட்டுப் பொடியள். மூலையிலை ஒரு கேஸ் அடுப்பு, அதுக்குப் பக்கத்திலை டொய்லெட், நடுவிலை ஒரு ஷவர் கர்ட்டின். பொடியளின்ர முகமெல்லாம் மங்கல். வீட்டுக்காரர் ஓடி வாறார், அவற்றை முகமும் மங்கல். எல்லாம் சட்டப்படி.

சுவர் மட்டும் மங்கல் இல்லை.

சுவரிலை ஆள் உயரத்துக்கு ஒரு படம். மயில்தோகை விரிச்ச தங்கக் கதிரை, அதிலை தலையிலை இருந்து கால் வரைக்கும் நகை போட்ட ஒரு பிள்ளை, ரெண்டு பக்கமும் அன்னம், பின்னுக்கு அருவி. வாசிக்கிற உங்களுக்கு விளங்கும். பெரியபிள்ளை ஆனதுக்குச் செய்யிற சாமத்திய வீட்டுப் படம். அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும்.

அது ஆரணி. ஒஸ்லோவுக்குப் பக்கத்திலை, திராமனிலை இருக்கிற என்ர பெரியம்மாவின்ர மகன் கஜன் அண்ணாவுக்கு நிச்சயம் பண்ணின பிள்ளை. சம்மரிலை கலியாணம். நிச்சயத்துக்கு லண்டன் போனபோது நானும் அவவும் மேல் அறையிலை ஒளிச்சிருந்து எங்கட ரெண்டு பேற்றை சாமத்திய வீட்டுப் படங்களையும் ஃபோனிலை ஒப்பிட்டுப் பாத்தனாங்கள்.

"மச்சாள், உம்மடையிலையும் அருவியோ?"

"அருவி மட்டுமோ, எனக்குப் புகையும் விட்டவை. ஒஸ்லோ ஹோலிலை ஃபயர் அலாரம் அடிச்சு, தீயணைப்புக்காரர் வந்து நிக்கிறாங்கள், நான் கதிரையிலை."

அவ சிரிச்சு முடிஞ்சு சொன்னவ: "என்ர பெரிய படம் ஹோலிலை தொங்கினது. வாற ஆக்கள் எல்லாம் பாக்கினம் எண்டு அழுது, அப்பாவைக் கொண்டு கராஜுக்கு மாத்த வச்சிட்டன். அங்கை ஒருத்தரும் பாக்காயினம்."

இப்ப ரெண்டாவது முறை, சத்தம் மட்டும் கேட்டன். வீட்டுக்காரர் இங்கிலீஷிலை, "இவை எல்லாரும் என்ர சொந்தக்காரர்." பின்னாலை ஒரு பொடியன், இன்ஸ்பெக்டருக்கு விளங்காது எண்ட நம்பிக்கையிலை, இந்தியத் தமிழிலை இன்னொருத்தனுக்குச் சொல்லுறான்: "டேய், அங்கிள் சொன்ன மாதிரியே சொல்லு. சித்தப்பான்னு சொல்லு."

"யாருக்குடா சித்தப்பா? நான் மதுரைடா!"

நான் சிரிச்சிட்டன். பிறகு சிரிப்பு நிண்டிட்டுது. ஏனெண்டா இந்தச் சனலைப் பகலிலை நோர்வேயிலை ஆர் பாக்கினம் தெரியுமோ? நோர்வேஜியன்கள் அந்த நேரம் வேலையிலை. ஆஸ்பத்திரி கிளீனிங்கிலை தோள் போய், வேளைக்கு பென்ஷன் எடுத்த எங்கட அன்ரிமார்தான் பாக்கினம். அதிலை நம்பர் வன் பெரியம்மா. இன்ஸ்பெக்டர் புரோகிராம் எண்டா அவவுக்கு உயிர், இருபத்தைஞ்சு வருஷம் கிளீன் பண்ணின மனுசி, எலிப் புழுக்கையைக் கண்டா டிவியைப் பாத்து ஏசுவா. மருமோளாகப் போற பிள்ளை, தகப்பன் வழக்கிலை மாட்டின கராஜிலை, டொய்லெட்டுக்கு மேலை, நகையோட சிரிச்சுக்கொண்டிருக்கிறா. கராஜை மெத்தைக் கணக்கிலை வாடகைக்கு விட்டு தகப்பன் செய்தது அநியாயம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அந்தப் படத்திலை ஆரணிக்கு வயசு பதின்மூண்டு.

துரீட்டிட்டைப் போனன். "எனக்கு இந்தப் பிள்ளையைத் தெரியும்."

அவ கையிலை இருந்த பாணைக் கீழை வச்சா. "அப்ப நீ இன்ஹபீல்."

நோர்வேக்காரருக்கு இது ஒரு மதம். தெரிஞ்ச ஆளின்ர விஷயத்திலை முடிவெடுக்கக் கூடாது, ஃபைலைத் தொடவும் கூடாது. எங்கட பக்கம் தெரிஞ்ச ஆள் இல்லாட்டி ஒரு வேலையும் நடக்காது. துரீட் என்ர கதிரையை மேசையிலை இருந்து தள்ளி வச்சா. "இனி நீ வேலை செய்யிற ஆள் இல்லை. சாட்சி. நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லு. என்ன தெரியுது?"

"சுவரிலை ஒரு படம்."

"ஆற்றை?"

"வீட்டுக்காரரின்ர மகள்."

"நடிகையோ?"

"இல்லை. இன்ஷூரன்ஸிலை வேலை."

"ம்ம்," எண்டா. நீளமான ம்ம்.

லண்டனோட வீடியோ மீட்டிங். அங்கை சைமன் எண்டு ஒரு ஆள், நல்ல மனுசன், எதுக்கும் சொறி சொல்லுவார். "எல்லா முகமும் மறைச்சாச்சே," எண்டார்.

"சுவர்?" எண்டா துரீட்.

"ஓ, அந்த சினிமாப் போஸ்டரோ! சொறி, அதுக்கு நாங்கள் மெனக்கெட்டு எந்தப் படம் எண்டு தேடினனாங்கள். உரிமை எடுக்கவேணும் எல்லோ. எங்கட ஆள் ரெண்டு கிழமை தேடினவ. அந்த நடிகையை ஒரு இடத்திலையும் காணேல்லை. சின்ன பட்ஜெட் படமாக்கும் எண்டு விட்டிட்டம்."

சத்தியமா, நான் மேசைக்குக் கீழை போய் சிரிச்சனான். துரீட் சிரிக்கேல்லை. "அது வீட்டுப் பிள்ளையின்ர படம்," எண்டா. சைமன் நம்பேல்லை. "சொறி, ஆனா அருவி இருக்கே? அன்னம் இருக்கே? ஆர் வீட்டிலை இப்பிடி..."

துரீட் என்னைத் திரும்பிப் பாத்தா. சாட்சி எண்டா இதுதான் போல. பள்ளிக்கூடத்திலை அந்தக் கிழமை ஏன் வரேல்லை எண்டு கேட்டவைக்கு "குடும்ப விழா" எண்டு மட்டும் சொன்னவள் நான். ஒரு நோர்வேஜியனுக்கும் காட்டாத படம் அது. ஃபோனை எடுத்து, கமராவுக்கு முன்னாலை பிடிச்சன். மயில் கதிரை. அன்னம். அருவி. நான்.

சைமன் கிட்ட வந்து பாத்தார். என்ர முகத்தைப் பாத்தார். திரும்பப் படத்தைப் பாத்தார். "நீங்களும் நடிச்சிருக்கிறியளோ?"

துரீட் ஃபோனை வாங்கினா. அவ படம் பாக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே, சத்தம் இல்லாமல், கன நேரம். பிறகு கேட்டா: "இதை எடுக்கட்டோ, சுவரிலை மாட்டட்டோ எண்டு ஆர் உன்னைக் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. அது கேக்கிற விஷயம் இல்லை."

"ம்ம்."

சைமன் பிறகு எனக்கு மூண்டு தரம் சொறி சொன்னார். லண்டனிலை ஏற்கனவே போன மாசம் அந்த எபிசோட் போயிட்டுதாம், ஒரு சனமும் கவனிக்கேல்லையாம். எண்டாலும் நோர்வேக்கு மட்டும் சுவரையும் மங்கலாக்கித் தாறன் எண்டார். செய்தார். எபிசோட் இஞ்சை போச்சுது.

அடுத்த நாள் ஒஸ்லோத் தமிழ் வாட்ஸப் எல்லாம் நெருப்பு.

ஏன் சொல்லுங்கோ? மங்கலாக்கினாலும் மயில்தோகை மயில்தோகைதான். நீலமும் பச்சையுமா ஒரு அரை வட்டம், நடுவிலை ஒரு தங்கப் புள்ளி. மங்கலாக்காட்டி, அந்த ரெண்டு செக்கனை ஆரும் கண்டிருக்கமாட்டினம். மறைச்ச உடனை எல்லா அன்ரியும் நிமிந்து இருந்திட்டினம்: ஆற்றை பிள்ளை? ஸ்கிரீன்ஷொட், சிவப்பு வட்டம், "பாத்தால் பகிரவும்". பின்னேரத்துக்கிடையிலை முடிவும் எடுத்திட்டினம். இப்பிடி எடுக்கிறது, அந்தக் கதிரையையும் அருவியையும் வான் வண்டியிலை ஏத்திக்கொண்டு லண்டனிலை இருந்து ஐரோப்பா முழுக்கத் திரிஞ்ச ஃபொட்டோக்காரர் ஒருத்தர்தான். அவர் ஒஸ்லோவிலை எடுத்ததிலை, சனத்துக்கு ஞாபகம் இருந்தது ஒரே ஒரு சாமத்திய வீடு. ஃபயர் அலாரம் அடிச்ச என்ரது.

அம்மா கதவைத் திறக்கேக்கையே தொடங்கிட்டா. "உன்ர படம் ஏனடி லண்டனிலை கராஜிலை தொங்குது?"

"அம்மா, அது நான் இல்லை."

"அப்ப ஆர்?"

"சொல்லேலாது. தொழில் ரகசியம்."

"டிவி பாக்கிறதிலை என்னடி ரகசியம்?"

அப்பா பேப்பரை இறக்காமல் சொன்னார்: "கோயிலிலை மூண்டு பேர் என்னைப் பிடிச்சவை. எங்களுக்கு லண்டனிலை களவா ஒரு வீடு இருக்காம்."

"ஐயோ, ஏசினவையோ?"

"சீ. ஒருத்தற்றை மருமோன் ஊரிலை இருந்து செப்டெம்பரிலை லண்டனுக்குப் படிக்க வாறானாம். கராஜிலை ஒரு மெத்தை காலியோ எண்டு கேக்கினம்."

இதுதான் எங்கட சனம். வழக்குப் போட்ட கராஜுக்கு வெயிட்டிங் லிஸ்ட். நான் வாயைத் திறந்து "அது ஆரணி" எண்டு ஒரு சொல்லுச் சொன்னா எங்கட வீடு தப்பும். அவவின்ர கலியாணம் என்ன ஆகும் எண்டு தெரியாது. நான் சொல்லேல்லை. அம்மா ரெண்டு கிழமை எனக்கு உப்பில்லாத சோறு போட்டவ.

கடைசியிலை ஆரணிதான் ஃபோன் எடுத்தா. "மச்சாள், எனக்கும் ஆரோ அனுப்பினவை. அது நான்தானே?"

நான் ஒண்டும் சொல்லேல்லை.

"நீர் ஒண்டும் சொல்லாட்டி நான்தான். நான் மாமியிட்டை நேரை சொல்லப்போறன். நீரும் வாரும், பயமா இருக்கு."

கலியாண அலுவலா வந்தவ, திராமனிலை பெரியம்மாவின்ர சோபா நுனியிலை இருந்து சொன்னா: "மாமி, டிவியிலை மங்கலாக்கின அந்தப் படம் என்ரது. அது எங்கட அப்பாவின்ர கராஜ்." கஜன் அண்ணா சுவரோட சுவரா நிண்டான். பெரியம்மா ரிமோட்டை எடுத்து சத்தத்தைக் குறைச்சா. நிப்பாட்டேல்லை, குறைச்சா.

"தெரியும் பிள்ளை."

"என்னெண்டு மாமி? எல்லாம் மறைச்சுத்தானே..."

"உம்மட அப்பா ரெண்டு கையையும் பின்னுக்குக் கட்டி, ஒரு காலை முன்னுக்கு வச்சு நிப்பார். நிச்சயத்திலை முழுக்க அப்பிடித்தானே நிண்டவர். மூஞ்சையை மறைச்சா நிக்கிற நிலை மாறுமோ?"

நான், துரீட், சைமன், ரெண்டு நாடு, மூண்டு மீட்டிங், என்ர மானம். எல்லாம் அந்தச் சுவருக்கு. ஒருத்தரும் மனுசனைப் பாக்கேல்லை.

ஆரணி அழத் தொடங்கினா. பெரியம்மா அவவைக் கட்டிப் பிடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. "உமக்கும் அதுக்கும் என்ன? நீர் சின்னப் பிள்ளை," எண்டா. பிறகு: "நான் ஒண்டுதான் யோசிச்சனான். அந்தப் பொடியள் பிறகு எங்கை போனவங்கள்?"

"தெரியாது மாமி."

"கஜன், உனக்கு?"

"எனக்கென்னெண்டு அம்மா தெரியும்?"

பெரியம்மா என்னைப் பாத்தா. "நீ தானே நாள் முழுக்கப் பாக்கிற ஆள்."

சத்தம் இல்லாமல் ஒருக்கா, படம் இல்லாமல் ஒருக்கா, சேத்து ஒருக்கா. மூண்டு தரம் பாத்தனான். புரோகிராம் அவங்களின்ர மெத்தையளை வெளியிலை இழுத்துப் போட்டதோட முடிஞ்சுது, அடுத்ததா ஒரு சைனீஸ் கடையிலை எலி. நான் டிவியைப் பாத்தன்.

கலியாணம் நடந்தது. ஆரணியின்ர அப்பா அல்பம் முழுக்கக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு நிக்கிறார். அவர், அந்தப் பொடியள் எங்கை எண்டு ஊர்க்காரரிட்டை விசாரிச்சுப் பாக்கிறன் எண்டு பெரியம்மாவுக்குச் சொன்னவர், இன்னும் விசாரிக்கிறாராம்.

அதுக்கு அடுத்த வருஷம் சொஃப்ட்வேர் வந்தது. சோதிச்சுப் பாக்கிற அண்டு, துரீட் வேணுமெண்டே அந்த எபிசோட்டின்ர, சுவரை மங்கலாக்காத முதல் கொப்பியைப் போட்டா. ரெண்டு நிமிஷத்திலை முடிவு வந்தது. எல்லா வயசும் பாக்கலாம். முகங்கள் மறைக்கப்பட்டிருக்கு. சினிமாப் போஸ்டர், ஒண்டு.

"ம்ம்," எண்டா துரீட். "இண்டரெஸ்ஸாண்ட்."

கொம்பனி அதை வாங்கிச்சு. அவவுக்கு வயசு சரியா வந்தபடியாலை பூச்செண்டு, கேக், பேச்சு எல்லாம் நடந்தது. எனக்கு வயசு வராதபடியாலை கதவுக் கார்டைத் திருப்பித் தரச் சொன்னாங்கள். போகேக்கை துரீட் கையைக் குடுத்தா. "நீ நல்லாப் பாக்கிறனீ." நாலு வருஷத்திலை அவவின்ர வாயிலை இருந்து வந்த ஒரே சேர்ட்டிஃபிகேட். பேரை மட்டும் மாத்திப்போட்டு இந்தக் கதையை எழுதும் எண்டு ஆரணியும் ஓம் சொல்லிப்போட்டா, அதாலைதான் இவ்வளவும்.

இதை டைப் பண்ணிக்கொண்டிருக்கேக்கை அவவே ஒரு படம் அனுப்பியிருக்கிறா. அந்த எபிசோட் திரும்பப் போகுது, சொஃப்ட்வேர் ஓம் எண்டு விட்ட முதல் கொப்பி, சுவர் மங்கல் இல்லாமல், அவவும் பெரியம்மாவும் திராமனிலை ஒரே சோபாவிலை இருந்து பாக்கினம்.